நாகசாகியில் குண்டு போட்ட விமானி இந்தியாவுக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்தாரா?

ஊர்க்குருவி (இழையைத் தொடங்கியவர்), காலை 7:42

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா இன்று விடியற்காலையிலேயே ஒரு செய்தி போட்டிருக்கிறார். சுருக்கம் இதுதான்: நாகசாகியில் அணுகுண்டு போட்ட பிரிட்டிஷ் விமானி லெனார்ட் செஷயர், கீழே ஊர் எரிவதைப் பார்த்துச் சித்தம் கலங்கி, பட்டாளத்தை விட்டு விலகி, துறவியாகி, இந்தியாவுக்கு வந்து டேராடூனில் தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவினாராம். கீழே கைகூப்பும் படம் பதினொன்று.

குண்டு போட்டது அமெரிக்கர்கள் என்றுதான் பள்ளியில் படித்தேன். பெரியப்பாவிடம் அதைச் சொன்னால் "எல்லாம் தெரிந்த மாதிரி பேசாதே" என்பார். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும். இதில் எவ்வளவு உண்மை?

---

ஒருவரி, காலை 7:58

பெயர் உண்மை. மீதியை வால்காற்று ஐயா வந்து சொல்வார்.

---

வால்காற்று, காலை 9:15

கூப்பிட்டதால் வந்தேன். விமானப் பராமரிப்பில் முப்பது வருஷம் கையில் கிரீஸோடு இருந்தவன் என்பதால் என் பார்வை கொஞ்சம் என்ஜின் பக்கமாகச் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஷயர் குண்டு போடவில்லை. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் குண்டு போட்ட விமானம் பாக்ஸ்கார். ஓட்டியவர் அமெரிக்கர், சார்ல்ஸ் ஸ்வீனி. கூடவே பிக் ஸ்டிங்க் என்ற இன்னொரு பி-29 குண்டுவீச்சு விமானம் போனது. அதில் பிரிட்டன் சார்பில் வேடிக்கை பார்க்க அனுப்பப்பட்டவர்கள் இரண்டு பேர்: விஞ்ஞானி வில்லியம் பென்னி, விமானி செஷயர். அரசாங்க மொழியில் பார்வையாளர்.

அந்த விமானத்தின் கதையே தனிக் கூத்து. அதில் வரவேண்டிய ராபர்ட் செர்பர் என்ற விஞ்ஞானி பாராசூட்டை மறந்துவிட்டார் என்று ஓடுபாதையிலேயே இறக்கிவிட்டார்கள். அதிவேகக் கேமராவை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்! அப்புறம் யாக்குஷிமா தீவுக்கு மேலே பாக்ஸ்காரைச் சந்திக்க வேண்டிய இடத்தில் இது சந்திக்கவே இல்லை. முதல் இலக்கான கொக்குரா புகையிலும் மேகத்திலும் மறைந்து கிடந்ததால் ஸ்வீனி நாகசாகிக்குத் திரும்பினார். குண்டு வெடித்தபோது செஷயர் இருந்த விமானம் நாற்பது மைல் அளவு தள்ளி இருந்தது. அவர் பார்த்தது தூரத்து வெளிச்சமும் அதன் பிறகு எழுந்த மேகமும். "கீழே ஊர் எரிவதை" அவர் பார்க்கவில்லை.

சித்தம் கலங்கியதும் இல்லை. அந்தக் குண்டு போரை முடித்தது, அதனால் அதைவிட அதிக உயிர்கள் மிஞ்சின என்பதுதான் கடைசிவரை அவர் கட்சி. பிற்காலத்தில் பிரிட்டன் அணு ஆயுதத்தைத் தானாக முன்வந்து கைவிடக் கூடாது என்று வாதாடியவர். நான் அதோடு உடன்படுகிறேனா என்பது வேறு விஷயம்.

டேராடூன் மட்டும் உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன், பேரனைப் பள்ளியில் விட வேண்டும்.

---

கறுப்புக்கோட்டு, காலை 10:30

பெரியப்பாவின் கதையில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிளாட் ஈதர்லி என்று ஓர் அமெரிக்க விமானி இருந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு முன்னால் வானிலை பார்க்கப் போன விமானத்தை ஓட்டியவர். போருக்குப் பிறகு மனநோய் மருத்துவமனைக்கும் சிறைக்கும் அலைந்தார். குந்தர் ஆண்டர்ஸ் என்ற தத்துவ அறிஞர் அவரோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஈதர்லி "மனச்சாட்சி உறுத்திய விமானி" என்று உலகம் முழுக்கப் பெயரானார். அவர் தலையை எடுத்துச் செஷயர் உடம்பில் வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. சட்டம் படித்தவர்களுக்குச் செஷயர் என்றாலே நினைவுக்கு வருவது வேறு ஆள். ஒப்பந்தச் சட்டத்துக்கு "செஷயர் அண்ட் ஃபிஃபூட்" படிக்காமல் எங்கள் காலத்தில் யாரும் தேறவில்லை. அந்தப் பேராசிரியர் ஜெஃப்ரி செஷயர்தான் இந்த விமானியின் அப்பா. மகனும் ஆக்ஸ்ஃபோர்டு மெர்டன் கல்லூரியில் சட்டம்தான் படித்தார். படித்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வேகமான கார், பந்தயம், பல்கலைக்கழக விமானப் பிரிவில் பறப்பது என்றுதான் பாதி நாள் போயிருக்கிறது. சட்டைப்பையில் சில்லறைக்காசு மட்டும் வைத்துக்கொண்டு பாரிஸ் போய்ச் சேர்வேன் என்று அரைக் குவளை பியருக்குப் பந்தயம் கட்டி ஜெயித்தவர். 1936-ல் போட்ஸ்டாமில் ஒரு ஜெர்மன் அட்மிரல் வீட்டில் தங்கியிருந்தபோது ஹிட்லர் கூட்டத்துக்குப் போய், எல்லாரும் கையை நீட்டி வணக்கம் வைக்கும்போது இவர் மட்டும் வைக்க மறுத்து வம்பை விலைக்கு வாங்கினார் என்றும் சொல்வார்கள்.

---

பெங்களூர்ப்பொடியன், காலை 11:04

அடப்பாவமே. பழைய விமான நிலையச் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் செஷயர் ஹோம் என்ற பலகையைப் பார்ப்பேன். யாரோ பில்டர் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

ஒருவரி, காலை 11:06

வாடகை எவ்வளவு என்று விசாரித்தீர்களா?

---

பெங்களூர்ப்பொடியன், காலை 11:09

ஒரு தடவை விசாரிக்கலாம் என்று நினைத்தது உண்மைதான்.

---

மணல்வீடு, காலை 11:50

அணுகுண்டை விடுங்கள். அதற்கு முன்னால் நாலு வருஷம் அவர் என்ன செய்தார்? அதை யாரும் கேட்கவில்லை. பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். "குண்டுவீச்சு விமானி" என்று படிக்கும்போது பிள்ளைகள் ஆலை, பாலம், ரயில் நிலையம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படைக்கு வந்த உத்தரவு நகரங்களையே இலக்காக்கச் சொன்னது. மக்கள் குடியிருக்கும் தெருக்கள். செஷயர் கொலோன் மேலும் பெர்லின் மேலும் குண்டு போட்டவர். பின்னால் செய்த சேவையைச் சொல்லி இதைக் கழுவிவிட முடியாது.

---

வால்காற்று, மதியம் 1:20

அக்கா சொல்வது சரி, கழுவ வேண்டாம். ஆனால் ஏன் நகரங்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1941-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் விமானங்கள் எடுத்த படங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. பட் அறிக்கை என்பார்கள். இலக்கைத் தாக்கினோம் என்று திரும்பி வந்து சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் குண்டு போட்டிருந்தது. ரூர் பகுதியில் பத்தில் ஒன்று. இருட்டு, மேகம், கீழிருந்து பீரங்கி. ஆலையைக் குறிவைத்தால் வயலில் விழுகிறது. குறி தவறாத அளவுக்குப் பெரிய இலக்கு ஊர்தான் என்று முடிவு செய்தார்கள். நியாயம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

1940 ஜூனில் செஷயர் யார்க்‌ஷயரில் இருந்த 102-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் சேர்ந்தபோது கொடுத்தது விட்லி விமானம். இரண்டு என்ஜின், ஐந்து பேர். மூக்கைத் தாழ்த்திக்கொண்டு பறக்கும், பார்த்தால் தலை குனிந்த மாடு மாதிரி இருக்கும். உள்ளே குளிர் எலும்பைக் கடிக்கும். அந்த வருஷம் நவம்பர் 12 இரவு ஓர் எண்ணெய் ஆலையைத் தேடிப் போய், மேகத்தில் அது கண்ணில் படாமல், கொலோன் பக்கம் திரும்பினார்கள். பீரங்கிக் குண்டு பட்டு, உள்ளே வைத்திருந்த வெளிச்சக் குண்டு விமானத்துக்குள்ளேயே வெடித்தது. பக்கவாட்டில் ஆள் நடந்து போகிற அளவுக்கு ஓட்டை. தீ. வானொலி இயக்குகிற பையன் கடுமையாக வெந்துபோனான். தீயை அணைத்து, அந்த ஓட்டை விமானத்தை நிமிர்த்தி, பல மணி நேரம் ஓட்டி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார் செஷயர். அதற்குத்தான் முதல் பெரிய பதக்கம். அப்போது வயது 23.

விமானம் பழுதுபார்க்கிறவன் கண்ணால் பார்த்தால், பக்கத்தோல் அவ்வளவு கிழிந்த பிறகு வால் முறுக்கிக்கொண்டு போகாமல் இருந்ததே அதிசயம். விட்லி அழகில்லாத விமானம், ஆனால் கெட்டி.

---

திருமலைக்காரன், மதியம் 2:05

இழைக்குக் கொஞ்சம் புறம்பான கதை, மன்னியுங்கோ. குண்டு விமானம் எண்டால் எங்கட ஊரில், இலங்கைத் திருகோணமலையில், சீனன்குடா. 1944 ஆகஸ்டில் அங்கிருந்துதான் அமெரிக்கரின் பி-29கள் சுமாத்திராவில் பலெம்பாங் எண்ணெய் ஆலைக்குப் போனவை. கடல் மேலால் போய்வர ஏறக்குறைய நாலாயிரம் மைல். எங்கட அப்பப்பா அந்த ஓடுபாதையில் கல் சுமந்தவர். "பிளேன் எழும்பினால் கூரைத் தகரம் எல்லாம் பேசும்" எண்டு சொல்லுவார்.

அதுக்கு முதல் 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அண்டைக்கு, கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் ஜப்பான் கப்பல்களைத் தேடிப் போய்க் குண்டு போட்டன. ஒண்டும் படவில்லை. ஐந்து திரும்பி வரவில்லை. அவையைப் பற்றி ஆரும் வாட்ஸப்பில் எழுதுறதில்லை.

---

வால்காற்று, மதியம் 2:31

புறம்பு இல்லை தம்பி. அதைத் தனி இழையாகவே போடுங்கள், அப்பப்பா சொன்னதையும் சேர்த்து. நான் வந்து படிக்கிறேன்.

---

ஊர்க்குருவி, மதியம் 3:10

ஐயா, நாங்கள் படத்தில் பார்க்கிறமாதிரி அணை உடைத்தவர் இவர்தானா? குதிக்கிற குண்டு போட்டு?

---

வால்காற்று, மாலை 4:45

இல்லை. எல்லாரும் இதில் சறுக்குகிறார்கள், காரணமும் இருக்கிறது. 1943 மே 16 இரவு அணைகளைத் தாக்கியது 617-ஆம் ஸ்குவாட்ரன், தலைமை கை கிப்சன். லங்காஸ்டர் என்பது நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானம்; 19 லங்காஸ்டர் போய் 8 திரும்பவில்லை, போன 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். கிப்சனுக்கு அடுத்து வந்தவர் அந்தச் செப்டம்பரில் கொல்லப்பட்டார். அந்த ஸ்குவாட்ரனுக்குத்தான் 1943 இறுதியில் செஷயர் வந்தார். வந்த விதம்தான் விசேஷம். 25 வயதிலேயே குரூப் கேப்டன், பிரிட்டிஷ் விமானப்படையிலேயே இளையவர், ஒரு பயிற்சி நிலையத்துக்கு அதிகாரி. மேஜை, நாற்காலி, சாயங்காலம் வீடு. அதை வேண்டாம் என்று, விங் கமாண்டராகப் பதவி இறக்கிக் கேட்டு வாங்கிக்கொண்டு பறக்கப் போனார்.

அதற்கு முன்னால் 76-ஆம் ஸ்குவாட்ரனில் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி, யாரும் எழுதாத பகுதி. 1942 ஆகஸ்டில் பொறுப்பு ஏற்றபோது அங்கே ஹாலிஃபாக்ஸ் விமானம், நாலு என்ஜின். ஆரம்பகால ஹாலிஃபாக்ஸ் ஒரு தலைவலி. கனம் அதிகம், ஏறாது. ஒரு பக்க என்ஜின் போய்த் திருப்பினால் பின்வால் சுக்கான் தானாகப் பூட்டிக்கொள்ளும், விமானம் சுழன்று விழும். பிற்பாடு வாலையே பெரிதாக்கித்தான் அதைத் தீர்த்தார்கள். செஷயர் என்ன செய்தார்? மூக்கிலும் முதுகிலும் இருந்த துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றச் சொன்னார். புகைபோக்கிச் சுடர் வெளியே தெரியாமல் மூடியிருந்த தகட்டையும் எடுக்கச் சொன்னார். துப்பாக்கியைக் கழற்றிவிட்டுப் போருக்குப் போ என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? ஆனால் எடை குறைந்தது, வேகம் கூடியது, இன்னும் உயரத்தில் பறக்க முடிந்தது. சுடுவதைவிட அகப்படாமல் இருப்பது மேல் என்ற கணக்கு.

இன்னொன்று. தரையில் வேலை செய்கிற மெக்கானிக், ஆயுதம் ஏற்றுகிறவன், எல்லார் பெயரும் மனப்பாடம். மழையில் இறக்கைமேல் நின்று வேலை செய்திருக்கிறேன், எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

---

மணல்வீடு, மாலை 5:30

பெயர் தெரிந்தவர்களை அனுப்பியும் வைத்தாரே ஐயா. பயந்துபோனவர்களை அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள்.

---

வால்காற்று, மாலை 6:12

எழுதுகிறேன். ஒளிக்கவில்லை.

ஒரு தடவை போருக்குப் பறந்து போய்வந்தால் ஒரு சார்ட்டி. முப்பது சார்ட்டி முடித்தால் ஒரு சுற்று. அதுக்கப்புறம் ஓய்வு, மறுபடி இருபது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், இறந்தவர்கள் 55,573. இந்தக் கணக்கை ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டுக் கூடத்தில் காலியாகிற நாற்காலியை வைத்து அவர்களே போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு ஒருநாள் கால் நகராது. அவர்கள் கோப்பில் "மனத்திண்மை போதாது" என்று முத்திரை குத்தி, சிறகுச் சின்னத்தைப் பிடுங்கி, எங்காவது தூர அனுப்பினார்கள். செஷயர் இதில் கருணை காட்டியவர் இல்லை. பயம் தொற்றும், ஒருவனை வைத்திருந்தால் பத்துப் பேர் போவார்கள் என்று உடனே அப்புறப்படுத்திவிடுவார். கடுமையாகத்தான் இருந்தேன் என்று அவரே பின்னால் ஒத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய சொந்தத் தம்பி கிறிஸ்டஃபரும் விமானிதான். 1941 ஆகஸ்டில் பெர்லின் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டு, மீதிப் போரை ஜெர்மன் கைதி முகாமில் கழித்தார்.

---

கறுப்புக்கோட்டு, இரவு 7:40

லிமோஜ் கதையைச் சொல்லாமல் விட்டீர்களே. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன், தப்பிருந்தால் வால்காற்று திருத்தட்டும்.

1944 பிப்ரவரி 8 இரவு. பிரான்ஸில் லிமோஜ் ஊரில் நோம்-ரோன் விமான என்ஜின் ஆலை, ஜெர்மானியருக்காக ஓடிக்கொண்டிருந்தது. வேலை பார்ப்பவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், ராத்திரி ஷிஃப்டில் பெண்கள்தான் அதிகம். 617-லிருந்து 12 லங்காஸ்டர் வந்தன. செஷயர் தன் விமானத்தை ஆலைக் கூரைக்கு மேலே சில பத்தடி உயரத்தில் கொண்டுபோனார். குண்டு போடவில்லை. திரும்பி வந்து மறுபடி. மூன்று தடவை. கீழே இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்து ஓட ஆரம்பித்தார்கள். நாலாவது தடவைதான் அடையாளத் தீக்குண்டுகளைக் கூரைமேல் போட்டார், மேலே காத்திருந்தவர்கள் அதைப் பார்த்துக் குண்டு இறக்கினார்கள். ஆலை போனது. ஒரு லங்காஸ்டரும் போகவில்லை.

எதிரி மண்ணில், நாலு என்ஜின் விமானத்தை, எச்சரிக்கைக்காக மட்டும் மூன்று தடவை கூரையுரசி ஓட்டுவது. குற்றவியல் வழக்கில் நான் இதை மனநிலைக்குச் சான்றாக வைப்பேன்.

---

மணல்வீடு, இரவு 8:02

எதிர்த்தரப்பு வக்கீலாக ஒரு கேள்வி. பிரெஞ்சுப் பெண்களுக்கு மூன்று தடவை எச்சரிக்கை. ஜெர்மன் பெண்களுக்கு எத்தனை தடவை?

---

ஒருவரி, இரவு 8:05

(இந்த இடத்தில் நீதிமன்றம் கலைகிறது.)

---

வால்காற்று, இரவு 9:30

அக்கா கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிரான்ஸ் நட்பு நாடு, அங்கே பொதுமக்கள் செத்தால் அரசியல் சிக்கல் வரும் என்று மேலிடத்துக்கே கவலை இருந்தது. அதனால்தான் அந்த எச்சரிக்கைக்கு அனுமதியும் கிடைத்தது. ஜெர்மனியில் அப்படி யாரும் கேட்கவில்லை.

தொழில்முறையில் மட்டும் ஒன்று சொல்வேன். லிமோஜில் கூரை உயரத்தில் அடையாளம் போட்டால் குண்டு ஆலையில் விழுகிறது என்று நிரூபணமாயிற்று. வயலில் விழுந்துகொண்டிருந்த குண்டுக்கு அதுதான் மருந்து. ஆனால் லங்காஸ்டர் போன்ற யானையை ஒவ்வொரு தடவையும் அப்படி ஓட்டினால் பிழைக்க முடியாது. சின்ன விமானம் கொடுங்கள் என்று நச்சரித்து மரப்பலகையால் செய்த மஸ்கிட்டோவை வாங்கினார். ஏப்ரல் 24 இரவு மியூனிக். பாதுகாப்புப் பலமான ஊர். தேடுவிளக்குகளுக்கு நடுவே பாய்ந்து இறங்கி 700 அடியில் அடையாளம் போட்டார், அதன் பிறகு குண்டு சரியாக விழுகிறதா என்று ஊருக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தார். கிளம்பியபிறகும் பன்னிரண்டு நிமிஷம் சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதுவும் போதாது என்று ஜூனில் ஓர் அமெரிக்க மஸ்டாங் கிடைத்தது. ஒற்றை இருக்கை. பெட்டியைப் பிரித்துப் பூட்டிய அதே நாளில், முன்பின் ஓட்டிப் பார்க்காத விமானத்தில், முதல் பறப்பாகவே போருக்குப் போனார். சிராக்கூரில் இருந்த பறக்கும் குண்டுத் தளம். அதைத் தரையிறக்கியதும் இருட்டில். ஒரு பராமரிப்பாளனாக இதைப் படிக்கும்போது என் வயிற்றில் புளி கரைக்கிறது. பூட்டியவன் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்.

டி-டே இரவில், அதாவது நேச நாடுகள் பிரான்ஸ் கரையில் படை இறக்கிய இரவில், இந்தப் படை செய்த வேலை வேறு மாதிரி. குண்டே இல்லை. கடல்மேல் சீராக வட்டமடித்துக்கொண்டே வெள்ளித்தாள் கீற்றுகளைக் கொட்டினார்கள். ஜெர்மன் ரேடாரில் பெரிய கப்பல் கூட்டம் ஒன்று மெதுவாக வேறு கரைக்கு வருவதுபோலத் தெரிந்தது. ஒருவர் வட்டத்தைக் கொஞ்சம் தப்பாகப் போட்டாலும் "கப்பல்கள்" வானத்தில் பறக்கும். மணிக்கணக்கில் அந்தப் பொறுமை. செஷயர் போரில் செய்த வேலையிலேயே இதற்குத்தான் நான் சலாம் போடுவேன்.

ஜூலை 6-ஆம் தேதி, மிமொயெக் என்ற இடத்தில் லண்டனைக் குறிவைத்துக் கட்டிய பூமிக்கடிப் பீரங்கித் தளம். அது முடிந்ததும் "போதும்" என்று கோக்ரேன் நிறுத்திவிட்டார், அவர்தான் மேலதிகாரி. கணக்கு நூறு சார்ட்டி. செப்டம்பரில் விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் உச்ச வீரப் பதக்கம். வழக்கமாக அந்தப் பதக்கம் ஒரு நாள், ஒரு செயல் என்று கொடுப்பார்கள். இவருக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

---

கறுப்புக்கோட்டு, இரவு 9:52

பதக்கம் வாங்கப் போன கதையையும் சேர்த்துவிடுகிறேன். 1945 நவம்பர், பக்கிங்ஹாம் அரண்மனை. அதே நாளில் விக்டோரியா கிராஸ் வாங்க வந்திருந்தவர் நார்மன் ஜாக்சன், ஒரு லங்காஸ்டரின் ஃப்ளைட் என்ஜினியர். இறக்கையில் தீப்பிடித்தபோது பறக்கிற விமானத்திலிருந்து வெளியே ஏறி, தீயணைப்பானோடு இறக்கைமேல் தவழ்ந்தவர். பாராசூட் உள்ளேயே விரிந்துவிட்டது, சகாக்கள் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எரிகிற பாராசூட்டோடு விழுந்து, பிழைத்து, கைதியானார். பதவியில் பெரியவர் என்பதால் செஷயரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அவரோ மன்னரிடம், இவருக்கு முதலில் கொடுங்கள், என்னைவிடக் கழுத்தை நீட்டியவர் இவர் என்று சொன்னாராம். முறைப்படி முடியாது என்று முதலில் இவருக்கே கொடுத்தார்கள். இதைச் சொன்னவர் ஜாக்சனேதான்.

---

பெங்களூர்ப்பொடியன், இரவு 10:20

சரி, இதெல்லாம் பட்டாளம். பலகையில் இருக்கிற ஹோம் எப்படி வந்தது? ஏதாவது ஒரு கணத்தில் மனம் மாறியிருக்க வேண்டும் அல்லவா? எனக்கென்னவோ லிமோஜில் தாழப் பறந்து ஆட்களைப் பார்த்ததுதான் விதை, பின்னால் நோயாளி பக்கத்தில் போய் உட்கார்ந்தது அதன் விளைவு என்று தோன்றுகிறது.

---

வால்காற்று, மறுநாள் காலை 6:30

அழகாக இருக்கிறது தம்பி, ஆனால் நான் அப்படி முடிச்சுப் போட மாட்டேன். பெரியப்பாவின் வாட்ஸப்பும் இதைத்தானே செய்தது? ஒரு கணம், ஒரு காட்சி, மனமாற்றம். நிஜத்தில் நடந்தது இதைவிடக் கோணல்.

1946-ல் பட்டாளத்தை விட்டார். போர் முடிந்து வந்தவர்கள் சேர்ந்து உழைத்துச் சேர்ந்து வாழலாம் என்று கூட்டுக்குடியிருப்பு ஒன்று ஆரம்பித்தார். முதலில் ஒரு மாளிகை, அப்புறம் ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற பெரிய வீடு. படுதோல்வி. சண்டை, கடன், ஆட்கள் கலைந்துபோனார்கள். 1948-ல் வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவல். ஆர்தர் டைக்ஸ் என்பவர், பழைய விமானப்படைக்காரர், லெ கோர்ட்டில் பன்றி மேய்த்துக்கொண்டிருந்தவர். புற்றுநோய், குணமாகாது. படுக்கை வேண்டும், அவருக்குப் போக இடமில்லை.

செஷயர் இடம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அதனால் தன் வீட்டுக்கே கூட்டிவந்தார். நர்ஸ் இல்லை, பணம் இல்லை, வைத்தியம் தெரியாது. நூறு தடவை பீரங்கிக்கு நடுவே போனவர் படுக்கைத்துணி மாற்றவும் மலச்சட்டி தூக்கவும் அப்போதுதான் கற்றுக்கொண்டார். நீ சாகப்போகிறாய் என்பதை ஆர்தரிடம் சொன்னதும் அவர்தான். ஆர்தர் ஆகஸ்டில் இறப்பதற்குள் இன்னொரு நோயாளி, படுத்த படுக்கையான ஒரு பாட்டி, வந்து சேர்ந்தாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொருவராக. யாரும் திட்டம் போட்டு ஆரம்பித்த இல்லம் இல்லை அது, வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் நிறைந்த வீடு. ஆர்தர் கத்தோலிக்கர். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் செஷயரும் கத்தோலிக்கரானார்.

பிறகு அவருக்கே காசநோய். இரண்டு வருஷத்துக்கு மேல் சானடோரியத்தில் கிடந்தார், நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். படுக்கையிலிருந்தே கடிதம் எழுதி இல்லங்களைப் பெருக்கினார். இந்தியாவுக்கு வந்தது 1955-ல். முதல் இல்லம் பம்பாய் அந்தேரியில். அவருக்கு இந்தியா புதிதில்லை. பதக்கம் அறிவித்த 1944 செப்டம்பர் வாக்கில்தான் கல்கத்தாத் தலைமையகத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

சூ ரைடர் என்ற பெண்மணி, போரில் போலந்து ரகசியப் படையினரோடு வேலை செய்தவர், அதன் பிறகு முகாம்களிலிருந்து மீண்ட போலந்துக்காரர்களுக்காகவே வாழ்ந்தவர். 1959 ஏப்ரல் 5 அன்று இவர்கள் கல்யாணம் நடந்தது பம்பாயில், கத்தோலிக்கப் பேராலயத்தில். டேராடூன் இல்லம் இருவரும் சேர்ந்து அதே வருஷம் ஆரம்பித்தது. பெயர் ரஃபேல். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் நம் ஆட்களுக்குப் போர் விமானம்தான் ஞாபகம் வரும். இது குணமாக்கும் தேவதூதரின் பெயர். தொழுநோயாளிகளுக்காகக் கட்டியது, ரிஸ்பனா ஆற்றங்கரையில் இப்போதும் நடக்கிறது. ஆகவே ஊர்க்குருவி, பெரியப்பா சொன்னதில் கடைசி வரி ஏறக்குறைய சரி.

1992 ஜூலை 31 அன்று இறந்தார். நரம்பு செயலிழந்து தசை ஒவ்வொன்றாக ஒடுங்கும் நோய். அந்த நோய்க்காரர்கள் அவர் இல்லங்களில் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

---

மணல்வீடு, காலை 8:15

நன்றி ஐயா. ஆர்தர் டைக்ஸ் பகுதியை வகுப்பில் வாசிக்கப்போகிறேன். கொலோனையும் அதே வகுப்பில்தான் வாசிப்பேன், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று இல்லாமல்.

ஒன்று உறுத்துகிறது. அவர் கல்கத்தாவுக்கு வந்தது வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம். முப்பது லட்சம் வரை செத்த பஞ்சம். அந்தத் தெருக்களில் நடந்திருப்பார் அல்லவா.

---

வால்காற்று, காலை 8:40

நடந்திருப்பார். அதற்கும் 1955-க்கும் நானாக முடிச்சுப் போடக் கூடாது என்று இப்போதுதான் தம்பியிடம் சொன்னேன். போட ஆசையாகத்தான் இருக்கிறது.

---

பெங்களூர்ப்பொடியன், காலை 9:02

இன்று ஆபீஸ் போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். வாசலில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன வேணும் என்று கன்னடத்தில் கேட்டார். பதில் சொல்ல வரவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். சனிக்கிழமை வா, இன்று எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள் என்றார்.

---

ஊர்க்குருவி, காலை 10:30

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரியே உட்கார்ந்து, குண்டு போட்டது ஸ்வீனி, தூரத்திலிருந்து பார்த்தவர் செஷயர், சித்தம் கலங்கியதாகச் சொல்லப்படுபவர் ஈதர்லி என்று மூன்று பத்தியாக எழுதிக் குடும்பக் குழுவில் போட்டேன். இன்று காலை ஆர்தர் டைக்ஸையும் சேர்த்துப் போட்டேன்.

பெரியப்பா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "அருமை, தெரியாத தகவல்" என்றும் எழுதினார். பத்து நிமிஷம் கழித்து அதே பழைய செய்தியை மறுபடி போட்டிருக்கிறார். இந்தத் தடவை கைகூப்பும் படம் பதினான்கு.